பரமட்டாவிலிருந்து படகேறுங்கள்

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ வந்திறங்கியதும் சிட்னியில் வாழும் எங்களவர்கள் முதலில் எடுப்பது கார்ச் சாவியைத்தான். நீலமலையின் மூன்று சகோதரிகளைப் பார்க்கக் கார். தலைநகர் கன்பராவுக்குக் கார். ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் கார். ஏழு பேர் அமரக்கூடிய வாகனத்தின் கடைசி வரிசையில், மடித்து விரிக்கும் இருக்கையில், யாருக்காகப் பயணமோ அந்த அம்மாவே ஒடுங்கி அமர்ந்திருப்பார். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கைத்தொலைபேசிக்குள் தலையைப் புதைத்திருப்பார்கள். வண்டியைச் செலுத்தும் மகனுக்குத் தெருவைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் ஓடி, இருபது நிமிடம் படமெடுத்து, மீண்டும் இரண்டு மணி நேரம் ஓடிவந்து வீடு சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். குடும்பமாகப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். குடும்பமாக எதையாவது பார்த்தார்களா என்பது வேறு விடயம்.

சிட்னியில் ஒரு நாள் மட்டுமே கையிலிருந்தால், அதுவும் முதியவர்களும் சிறுவர்களும் கலந்த குடும்பமாக இருந்தால், காரை வீட்டில் விட்டுவிட்டுப் பரமட்டா ஆற்றில் ஒருவழி படகிலும் மறுவழி ரயிலிலுமாகப் போய்வருவதே சிறந்த தெரிவு என்பது என் கருத்து. இதைச் சொல்பவன் நான் மட்டுமல்ல. சுற்றுலாக் கைந்நூல்களும் இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சொல்லும் வரிசை, நகர மத்தியிலுள்ள சேர்குலர் கீ துறையிலிருந்து படகில் பரமட்டா வரை சென்று, அங்கிருந்து ரயிலில் திரும்புவது. அந்த வரிசையோடுதான் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குடும்பங்களுக்கு அது தலைகீழாக இருக்கவேண்டும்.

சிட்னியை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். துறைமுகப் பாலமும் ஒப்பெரா மாளிகையும் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற குடாவின் மேற்குக் கையே பரமட்டா ஆறு. அது உள்நாடு நோக்கி ஒடுங்கிக்கொண்டே போய்ப் பரமட்டா நகரில், படகுத்துறைக்குச் சற்று மேலேயுள்ள அணையோடு உப்புநீர் நின்றுவிடுகிறது. நகர மத்திக்கும் பரமட்டாவுக்கும் இடையில் படகுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தேவை. அதே தூரத்தை ரயில் அரை மணி நேரத்தை ஒட்டிய பொழுதில் கடந்துவிடும். எங்களவர்கள் செறிந்து வாழும் வெஸ்ற்மீட், வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், துங்காபி ஆகிய இடங்கள் ரயில் பாதையில் பரமட்டாவுக்கு அடுத்தடுத்து வரும் நிலையங்கள். அதாவது, ஆற்றுப் படகு புறப்படும் துறை பலருக்கு நாலைந்து நிலையங்களுக்குள் இருக்கிறது. இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் அந்தப் படகில் ஒருமுறைகூடக் கால்வைக்காதவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிட்னி சென்றிருந்தபோது பென்டில் ஹில்லில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய தாயார் வடமராட்சியைச் சேர்ந்தவர், எழுபதைக் கடந்தவர். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்ற பேச்சு எழுந்தபோது நான் படகைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் துள்ளினார்கள். அந்த அம்மையார் மாத்திரம், "போட்டிலையோ? நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ" என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

மகனுக்கு அது வயதானவர்களின் வழமையான பிடிவாதமாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தலைமுறையைச் சேர்ந்த யாழ்ப்பாணத்தவருக்குப் படகு என்பது உல்லாசப் பொருளாக இருந்த காலம் குறுகியது. குறிகட்டுவானிலிருந்து லோஞ்சில் நயினாதீவு அம்மனுக்குப் போய்வந்த நாட்கள் அந்தக் காலத்துக்குரியவை. 1985 மே 15-ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பிறகு 1990களின் முற்பகுதியில், தரைப்பாதைகள் அடைபட்டுக் கிடந்தபோது, குடாநாட்டை விட்டு வெளியேறுவதற்குக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்கவேண்டியிருந்தது. விளக்கில்லை, சத்தமில்லை. குழந்தை அழுதால் தாயின் கை அதன் வாயைப் பொத்தும். அந்த நீரேரியில் கரை சேராதவர்களின் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதியவர்களில் நானும் ஒருவன். இதற்குப் பின்னரும் ஒரு படகுக்காலம் வந்தது. 2012-இலும் 2013-இலும் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட மீன்பிடிப் படகுகளில் எத்தனை பேருடைய பிள்ளைகள் இருந்தார்கள்! 2013 ஜூலையில் அந்நாட்டு அரசு, படகில் வருவோர் எவரும் அங்கே குடியமர்த்தப்படமாட்டார்கள் என்று அறிவித்தது. அவுஸ்திரேலியத் தமிழ் வீடொன்றில் படகு என்ற சொல்லை உச்சரிக்கும்போது இவை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ஒரு தாய் குசினிக்குள் எழுந்து போவதற்கு அது போதும்.

அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். சேர்குலர் கீயில் ஏறினால் முதலில் வருவது திறந்த குடா. பெரிய கப்பல்கள், குறுக்கும் நெடுக்குமாக விரையும் படகுகள், அவை எழுப்பும் அலைகள். தண்ணீருக்கு அஞ்சும் ஒருவரை முதல் ஐந்து நிமிடத்திலேயே அதற்குள் தள்ளிவிடுகிறோம். பரமட்டாவில் ஏறினால் நிலைமை வேறு. அங்கே ஆறு வாய்க்கால் போல ஒடுங்கியது. இரு கரைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். கரை அரிக்கப்படாதிருப்பதற்காகப் படகு அந்தப் பகுதியில் மெதுவாகவே போகும். நீர் அசைவதே தெரியாது. ஆறு சிறிது சிறிதாக அகன்று, திறந்த குடா வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்திருக்கும். அதற்குள் பயந்தவரும் பழகியிருப்பார். துறைமுகப் பாலமும் ஒப்பெரா மாளிகையும் பயணத்தின் முடிவில் வருகின்றன. நல்ல கூத்தில் இராசா வரவு முதலிலா வரும்?

அடுத்த நாள் காலையில் நண்பரின் தாயாருக்கு இதை விளக்கினேன். "அக்கா, இது கிளாலி இல்லை. இரண்டு பக்கமும் கரை. ஏறிப் பாருங்கோ, பிடிக்காவிட்டால் அடுத்த துறையிலேயே இறங்குவம்" என்றேன். அடுத்த துறையில் இறங்கலாம் என்ற அந்த ஒரு வாக்குறுதிதான் அவரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. காரில் போகிறவர்கள் இந்த வாக்குறுதியை அளிக்க முடியாது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

படகு புறப்பட்டதும் 1885-இல் கட்டப்பட்ட காஸ்வேர்க்ஸ் பாலத்தின் கீழாக நுழைகிறது. அதன் பிறகு இரு மருங்கும் கண்டல் காடு. அந்த அம்மையார் படகின் உள்ளே, நடு இருக்கையில், கைப்பையை இறுகப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். பத்து நிமிடமளவில் யன்னலோரம் நகர்ந்து வந்து, "தம்பி, உது கண்ணாவெல்லோ?" என்றார். கண்ணாவேதான். சேற்றிலிருந்து ஈர்க்குக் குச்சிகளைப் போல மூச்சுவேர்கள் நிமிர்ந்து நின்றன. தாவரவியலாளர் அவிசெனியா மரினா என்று அழைக்கும் அந்த மரம் யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளின் ஓரத்திலும் வளர்கிறது, பரமட்டா ஆற்றின் ஓரத்திலும் வளர்கிறது. அதன் பின்னர் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்பவர் அவராகிவிட்டார். ஆடு மாட்டுக்குக் கண்ணா இலை வெட்டியது, விறகுக்குப் போனது, வற்று நேரத்தில் சேற்றில் கால் புதைந்தது என்று கதை நீண்டது. கைத்தொலைபேசிகள் சட்டைப்பைக்குள் போயிருந்தன. மகன் தன் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் போயிருந்தால் அவர் முன்னால் போகும் காரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இந்த ஆறு சிட்னியின் முதல் பெருவீதி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1788-இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய அதே ஆண்டின் இறுதியிலேயே பயிர்ச்செய்கை நிலம் தேடிப் பரமட்டாவில் குடியேற்றம் அமைத்துவிட்டார்கள். 1789-இல் இரண்டுக்கும் இடையில் ஆட்களையும் பொருட்களையும் கொண்டுசெல்வதற்குக் கைதிகளின் உழைப்பில் ஒரு படகு கட்டப்பட்டது. ரோஸ் ஹில் பக்கெற் என்பது அதன் பெயர். அதன் அழகைப் பார்த்தவர்கள் அதற்கு 'லம்ப்', அதாவது 'கட்டி' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். 1855-இல் நியூ சவுத் வேல்ஸின் முதல் ரயில் பாதை ஓடியதும் சிட்னியிலிருந்து இந்தத் திசைக்கே, இன்றைய கிரான்வில் அருகே வரைக்கும். ஆக, இந்தப் பயணத்தில் போகும் வழியும் திரும்பும் வழியும் அந்த நாட்டின் மிகப் பழைய இரண்டு பாதைகள். அதற்கும் முன்னர் இது டாருக் மக்களின் பரமட்டகல் குலத்தாருடைய ஆறு. பரமட்டா என்ற பெயரிலேயே விலாங்கு மீன் இருக்கிறது. குடியேற்றவாசிகளை எதிர்த்த பெமுல்வுயியும் அவரது ஆட்களும் 1797-இல் பரமட்டாவிலேயே படையினரோடு மோதினார்கள். நிலத்தை இழந்தவர்களின் கதையை எங்கள் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கடினமல்ல.

மீனைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கரையோரத்தில் தூண்டில் போடுபவர்களைக் கண்டதும் எங்களவருக்குக் கை துறுதுறுக்கும். ஹோம்புஷ் குடாவை ஒட்டி முன்னர் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலைகளின் டயொக்சின் கழிவு ஆற்றடிச் சேற்றில் இன்னமும் கிடக்கிறது. 2006-இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடி நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீன், இறால், நண்டு எதையும் உண்ண வேண்டாம் என்பது அரசின் அறிவுறுத்தல். 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்த அழகிய பூங்காக்களும் ஒரு காலத்தில் குப்பைமேடும் இறைச்சிக் கொல்களமுமாக இருந்த நிலத்தில் எழுந்தவைதான். ஆற்றைப் பாருங்கள், ஒடியற்கூழுக்குக் கடைக்குப் போங்கள்.

பயணத்தின் பிற்பகுதியில் கிளேட்ஸ்வில் பாலம் வருகிறது. 1964-இல் திறக்கப்பட்டபோது 305 மீற்றர் நீளமான அதன் வளைவு, கொங்கிறீற்றில் கட்டப்பட்டவற்றுள் உலகிலேயே மிக நீண்டது. அதன் கீழே போகும்போது படகிலிருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். காரில் அதன் மேலே போகிறவர்களுக்கு அது வெறும் ஒரு தெருவின் ஏற்றம். பிறகு கொக்கற்று தீவு, கைதிகளின் சிறையாகவும் கப்பல் கட்டும் தளமாகவும் இருந்த இடம். அதைக் கடந்து சிறிது நேரத்தில் 503 மீற்றர் இரும்பு வளைவோடு 1932-ஆம் ஆண்டின் துறைமுகப் பாலம் முன்னே எழுகிறது. இந்தக் கட்டத்தில் படகு சற்று ஆடவே செய்தது. அந்த அம்மையார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்புவதற்கு ரயிலே நல்லது என்பதற்குக் காரணம் எளிது. மாலையில் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், பெரியவர்களுக்குக் கால் கடுக்கும். அந்நேரம் ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம் யாருக்கும் இனிக்காது. அதோடு ஞாயிறு பிற்பகலில் சேர்குலர் கீயில் பரமட்டாப் படகுக்கு நீளும் வரிசையில் கைக்குழந்தையோடும் முழங்கால் நோவோடும் நிற்பது பெருந்தண்டனை. பரமட்டாவிலோ படகு அங்கிருந்தே புறப்படுவதால் காலையில் விரும்பிய இருக்கை கிடைக்கும். இன்னொன்று, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: படகில் கழிவறை உண்டு, நகர ரயிலில் இல்லை. நீண்ட நேரம் படகிலும் குறுகிய நேரம் ரயிலிலும் இருப்பதன் அருமை அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். சேர்குலர் கீ ரயில் நிலையம் படகுத்துறைக்கு நேர் மேலே, மின்தூக்கி வசதியோடு இருக்கிறது. 1956-இல் திறக்கப்பட்ட நிலையம். யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அதே 1956-இல்தான் என்று நான் சொன்னபோது, மகன் தனக்கு யாழ்தேவியைத் தெரியாது என்றார். 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு நின்றுபோன ரயில் 2014-இல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்து புறப்பட்டவர் அவர். ரயிலில் மகனைவிடத் தாயே அனுபவசாலி.

நகரத்தில் இறங்கியதும் ஓடித்திரிய வேண்டாம். துறையிலிருந்து மெதுவாக நடந்தால் தாவரவியல் பூங்கா. கட்டணமில்லை. புல்லில் படங்கை விரித்துப் புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அவ்வளவு போதும்.

நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பெற்றோரை நிரந்தரமாக அழைப்பதற்கான கட்டண வகை விசாவுக்கு ஒருவருக்கு நாற்பதினாயிரம் டொலருக்கு மேல் அரசுக்குச் செலுத்தவேண்டும். கட்டணம் குறைந்த வகைக்கு விண்ணப்பித்தால் காத்திருப்பு முப்பது ஆண்டளவில் நீளும். எழுபது வயதுத் தாய்க்கு முப்பது ஆண்டு! எனவே கடன்பட்டேனும் பணத்தைக் கட்டி அழைக்கிறார்கள். அழைத்த பின்னர் என்ன நடக்கிறது? மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போக, அந்தத் தாய் நான்கு சுவருக்குள் தொலைக்காட்சியோடு இருக்கிறார். வாகனம் ஓட்டத் தெரியாது, தெரு தெரியாது, மொழி தெரியாது என்று வீட்டாரே முடிவுகட்டிவிடுகிறார்கள். அவரை வெளியே கூட்டிப்போகும் ஒவ்வொரு முறையும் காரில் ஏற்றி, காரிலிருந்து இறக்கினால் அவர் தெருவை எப்படி அறிவார்? காரில் ஆயிரம் முறை போனாலும் பின்னிருக்கையில் இருப்பவருக்கு வழி பிடிபடாது. ரயிலில் ஒருமுறை தானே அட்டையைத் தட்டி உள்ளே போய், நிலையங்களை எண்ணி, சரியான இடத்தில் இறங்கியவர் அடுத்த முறை தனியே போவார். நிரந்தர வதிவிட உரிமை பெற்று, அறுபதைக் கடந்து, மூத்தோர் அட்டை எடுத்தவர்களுக்குத் தங்க நிற ஓப்பல் அட்டை கிடைக்கும். நாள் முழுவதும் ரயில், பஸ், படகு எதில் எத்தனை முறை ஏறினாலும் 2 டொலர் 50 சதத்துக்கு மேல் கழியாது. நாற்பதினாயிரம் கட்டியவர்கள் இந்த அட்டைக்கு விண்ணப்பிக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.

நண்பரின் தாயார் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் மட்டக்களப்பு அம்மையார் ஒருவரோடு ரயிலில் பரமட்டாவுக்கும் ஹரிஸ் பார்க் கடைகளுக்கும் போய்வருகிறாராம். முருங்கைக்காய் எங்கே மலிவு என்று மகனுக்கு அவர் சொல்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் நாளாந்தக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு குறைவு. பதினைந்து வயது வரையான சிறுவருக்கு அரைக் கட்டணம், நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். ஞாயிறுகளில் எல்லோருக்கும் 2 டொலர் 50 சதம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. பரமட்டா ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு ஒரு கிலோமீற்றரளவு நடக்கவேண்டும். நடக்க இயலாதவர்களை மட்டும் வாடகைக் காரில் துறைவரை அனுப்பிவிடுங்கள். ஆறு வற்றும் நேரத்தில் படகு பரமட்டா வரை வராது. அப்போது ரிடல்மியர் துறைவரை பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அந்தப் பஸ்ஸில் போனால் கண்டல் காட்டின் மிக அழகிய பகுதி கைதவறிப்போகும். ஆகவே முதல் நாளிரவே நேர அட்டவணையைப் பார்த்துப் பெருக்கு நேரப் படகைத் தெரிந்துகொள்ளுங்கள். வாரவிறுதிகளில் தண்டவாளத் திருத்த வேலைக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதும் சிட்னியில் அடிக்கடி நடப்பது. அதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். அப்படிப் பஸ் ஓடும் ஞாயிறென்றால் அடுத்த வாரம் போகலாம்.